கூரை போனால் காசு எங்கிருந்து வரும்? வீட்டுக் காப்புறுதி, வங்கிப் பொலிசி, சொந்தச் சேமிப்பு, அரசாங்க நிவாரணம்: ஓர் ஒப்பீடு

ஒக்டோபர் நெருங்கினால் இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். கல்லடியில் இருந்து ஒருவர் கேட்பார், கல்முனையில் இருந்து இன்னொருவர் கேட்பார்: "வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்தால் கூரை திருத்தக் காசு தருவார்களா? இல்லையென்றால் அந்தக் கட்டுப்பணத்தைச் சேர்த்து வைத்து நாங்களே திருத்திக்கொள்ளலாமா?" வங்கிக் கடனில் வீடு கட்டியவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: "பேங்க் ஏற்கெனவே ஏதோ ஒரு இன்சூரன்ஸ் எடுத்ததே, அது போதாதா?"

முதற்கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடலாம். காற்று, மின்னல், தீ, விழுந்த மரம் என்று ஒரு சம்பவம் கூரையை உடைத்தால், அந்தச் சம்பவம் பொலிசியில் எழுதப்பட்டிருந்தால், காப்புறுதி காசு தரும். வயது போய் உடைந்தால் தராது. சிக்கல் எங்கே என்றால், எங்கள் கிழக்குக் கரையோரக் கூரைகள் பெரும்பாலும் இரண்டும் கலந்துதான் உடைகின்றன. பத்து வருட உப்புக்காற்று ஆணியைத் தின்று வைத்திருக்கும். நவம்பர் காற்று வந்து சீற்றைக் கழற்றிக்கொண்டு போகும். கம்பனிக்கும் வீட்டுக்காரருக்கும் வருகிற தகராறில் பாதி இந்த இடத்தில்தான்.

## எதை வைத்துப் பார்ப்பது

கட்டுப்பணம் எவ்வளவு என்பதை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் பிழையாகிவிடும். வேறு ஐந்து விஷயங்களைக் கேட்க வேண்டும். என்ன காரணத்தால் வந்த சேதத்துக்குக் காசு வரும்? திருத்தச் செலவில் எவ்வளவு கைக்கு வரும்? எவ்வளவு கெதியாக வரும்? என்ன கடதாசி கேட்பார்கள்? கடைசியாக, காசோலை யார் பெயருக்கு எழுதப்படும்? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. சீதன வீடுகள் நிறைந்த எங்கள் ஊர்களில் முதலில் கேட்க வேண்டியதே அதுதான். கீழே அதற்கு வருகிறேன்.

இங்கே என்ன ஆபத்து என்பதையும் மனதில் வைத்திருக்க வேண்டும். எங்களுக்கு மாரி ஒக்டோபர் பிற்பகுதியில் தொடங்கி ஜனவரி வரை போகும். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகி இந்தப் பக்கம் திரும்பும் மாதங்களும் அவைதான். 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் 900 பேருக்கு மேல் இறந்தார்கள். ஓடும் தகரமும் பறந்த கதையை, தென்னந்தோட்டம் முழுதாகச் சரிந்த கதையை வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள். அப்படியொரு புயல் அடிக்கடி வருவதில்லை. 2011 ஜனவரியிலும் 2024 நவம்பர் கடைசியிலும் வந்தது போன்ற வெள்ளம்தான் அடிக்கடி வருகிறது. வெள்ளத்தில் அடிபடுவது தரையும் சுவரும் தளபாடமும். கூரைக்கு எதிரி காற்று. காப்புறுதியில் இரண்டும் வெவ்வேறு ஆபத்துகள். ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

## 1. முழுமையான வீட்டுக் காப்புறுதி

"வீட்டுக் காப்புறுதி" என்ற பெயரில் விற்கப்படுவதெல்லாம் ஒன்றில்லை. அடிப்படையான தீப் பொலிசி தீயையும் மின்னலையும் பார்த்துக்கொள்ளும். சூறாவளி, புயல், வெள்ளம், மரம் விழுதல், வாகனமோ விலங்கோ மோதுதல், நிலநடுக்கம், சுனாமி எல்லாம் மேலதிகமாகச் சேர்க்கப்படுபவை. சில கம்பனிகள் எல்லாவற்றையும் ஒரே பொதியாகத் தருகின்றன, சில தனித்தனியாகக் காசு கேட்கின்றன. ஏஜென்ட் "எல்லாம் கவராகும்" என்று சொன்னால், எந்தப் பக்கத்தில் "சூறாவளி, புயல்" என்று எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். ஒப்பந்தம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். வாசித்துச் சொல்லத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எதற்கெல்லாம் வராது? உக்கிப்போன கைமரம், கறையான் அரித்த சிலாகை, துருப்பிடித்த ஆணி, வெடித்த முகட்டோட்டுச் சாந்து, பீலி அடைத்து உள்ளே இறங்கிய தண்ணீர், சரிவு போதாமல் கட்டிய கூரை. இவை எல்லாவற்றையும் தேய்மானம், பராமரிப்புக் குறை, வேலைக் குறை என்ற பெயரில் ஒப்பந்தம் வெளியே தள்ளிவிடும். குரங்கும் இந்தப் பட்டியலில்தான். மட்டக்களப்பு நகரத்தில் ஓட்டுக் கூரைக்குப் பெரிய எதிரி காற்றா குரங்கா என்று கேட்டால் நான் குரங்கைத்தான் சொல்வேன். மதிலால் ஏறி ஓட்டின் மேல் ஓடிப்பிடித்து விளையாடும் அந்தக் கூட்டத்துக்காகக் கம்பனியிடம் காசு எதிர்பார்க்க வேண்டாம்.

மழைத் தண்ணீர் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காற்று ஓட்டைக் கழற்றி, அந்தத் துவாரத்தால் மழை இறங்கி, சீலிங்கும் சுவரும் நனைந்தால் அது புயல் சேதம். ஓடெல்லாம் இடத்தில் இருக்க, சாரல் அடித்து உள்ளே ஒழுகினால் அது புயல் சேதமாகாது, வெளியே எவ்வளவு பெரிய புயல் அடித்தாலும். கட்டில், அலுமாரி, டிவி நனைந்ததற்குக் காசு வேண்டுமென்றால் வீட்டுப் பொருட்களைத் தனியாகக் காப்புறுதி செய்திருக்க வேண்டும். கட்டடத்துக்கு எடுத்த பொலிசியில் அவை இல்லை.

சேதம் நடந்தால் கம்பனி மதிப்பீட்டாளர் ஒருவரை அனுப்பும். அவர் என்ன பார்ப்பார்? முறிந்த மரத்தின் முறிவு புதிதாக வெள்ளையாக இருக்கிறதா, கறுத்து உக்கியிருக்கிறதா என்று பார்ப்பார். ஆணித் தலையைப் பார்ப்பார். பக்கத்து வீட்டுக் கூரைகளையும் பார்ப்பார். ஒழுங்கையில் பத்து வீட்டில் உங்கள் கூரை மட்டும் போயிருந்தால் கேள்வி கூடும். அன்றைய காற்றின் வேகத்துக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் பதிவும் இருக்கிறது. மட்டக்களப்பிலும் பொத்துவிலிலும் அவதான நிலையங்கள் உண்டு.

இனி மறைந்திருக்கும் செலவுகள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இடறுவது இங்கேதான் என்று எனக்குப் படுகிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, குறைத்துக் காப்புறுதி செய்வது. உங்கள் வீட்டை இன்று முழுதாகத் திரும்பக் கட்ட 80 இலட்சம் ரூபா வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கட்டுப்பணம் குறையட்டும் என்று 40 இலட்சத்துக்குப் பொலிசி எடுக்கிறீர்கள். புயலில் கூரையின் ஒரு பக்கம் போய் 6 இலட்சம் செலவாகிறது. "40 இலட்சத்துக்கு எடுத்தேனே, 6 இலட்சம் அதற்குள்தானே" என்று நினைப்பீர்கள். கம்பனியின் கணக்கு வேறு. வீட்டின் பெறுமதியில் பாதிக்குத்தான் நீங்கள் காப்புறுதி செய்தீர்கள், ஆகவே எந்தச் சேதத்திலும் பாதிதான் தருவார்கள்: 3 இலட்சம். புயல், வெள்ளச் சேதங்களில் முதற்பகுதியை வீட்டுக்காரரே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். எக்ஸஸ் என்பார்கள். அது நூற்றுக்குப் பத்து என்றால் இன்னொரு 30,000 போய், கைக்கு வருவது 2,70,000. மிச்சம் 3,30,000 உங்கள் பொக்கெட்டில் இருந்து.

இரண்டாவது, பழைய பொருளுக்குப் புதுப் பொருளின் விலை தருவார்களா என்பது. ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் தருவார்கள். எழுதாவிட்டால், பதினைந்து வருட ஓட்டுக்கு வயதைக் கழித்துத்தான் விலை போடுவார்கள். கூரை பழையதென்றால் இந்தக் கழிவே பெரிய தொகையாகிவிடும்.

மூன்றாவது, பகுதிச் சேதம். பன்னிரண்டு சீற் போனால் பன்னிரண்டு சீற்றுக்குத்தான் காசு. பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றின் அளவும் வளைவும் இன்று கடையில் கிடைப்பதோடு பொருந்தாவிட்டால், பொருந்தவைக்கும் செலவு உங்களுக்கு. (அஸ்பெஸ்டஸை 2018 இல் இருந்து கட்டுப்படுத்தப் போவதாக அரசாங்கம் முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில், எங்களுக்கு அஸ்பெஸ்டஸ் விற்கும் ரஷ்யா, பூச்சி இருந்ததாகச் சொல்லி, எங்கள் தேயிலையை நிறுத்தியதும் அந்த முடிவு கைவிடப்பட்டது. ஆகவே சீற் இன்னும் விற்கிறது. புதிதாகக் கூரை போடுபவர்கள் அமானோ (உலோகத் தகடு) சீற் பக்கம் போவதே நல்லது என்பது என் எண்ணம்.)

கட்டுப்பணத்தின் மேல் 18% வற் வரியும் வேறு கட்டணங்களும் சேரும். ஏஜென்ட் வாயால் சொல்லும் தொகையை நம்பாமல், எல்லாம் சேர்த்துக் கட்ட வேண்டிய கடைசித் தொகையைக் கேளுங்கள்.

கூட்டிக் காப்புறுதி செய்வதும் நஷ்டம்தான். காத்தான்குடி போல ஒரு துண்டுக் காணிக்கே பெருந்தொகை கேட்கும் இடத்தில், வீட்டையும் வளவையும் சேர்த்து என்ன விலைக்கு விற்கலாமோ அந்தத் தொகைக்குப் பொலிசி எடுத்துவிடுகிறார்கள். புயலில் காணி பறக்காது. கட்டடத்தைத் திரும்பக் கட்டும் செலவுக்கு மட்டும் எடுத்தால் போதும். மேலே கட்டுவதெல்லாம் கம்பனிக்கு லாபம்.

வட்டி கலந்த முதலீடு வேண்டாம் என்பதற்காகவே காப்புறுதி எடுக்காமல் இருப்பவர்கள் ஏறாவூர், காத்தான்குடி, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கம் இருக்கிறார்கள். இலங்கையில் தகாபுல் என்ற வட்டியில்லாத இஸ்லாமிய முறையிலும் வீட்டுக்கு எடுக்கலாம். மேலே சொன்ன கேள்விகளை அங்கேயும் அப்படியே கேட்க வேண்டும். தேய்மானத்துக்குக் காசு அங்கேயும் இல்லை.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? கூரை நல்ல நிலையில் இருப்பவர்களுக்கு, கடலோரத்தில் அல்லது பெரிய மரங்களுக்கு நடுவே வீடு உள்ளவர்களுக்கு, கூரை முழுதாகப் போனால் கையில் இருந்து போட வழியில்லாதவர்களுக்கு.

## 2. வங்கிக் கடனோடு வந்த பொலிசி

வீட்டை ஈடு வைத்துக் கடன் எடுத்தால் வங்கி ஒரு பொலிசி எடுக்கச் சொல்லும். கட்டுப்பணத்தை நீங்கள்தான் கட்டுகிறீர்கள், ஆனால் அந்தப் பொலிசி வங்கியின் காசைக் காப்பாற்றுவதற்கு. இதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

பல இடங்களில் காப்புறுதித் தொகையைக் கடன் தொகையோடு பொருத்திவிடுகிறார்கள். 80 இலட்சம் வீட்டுக்கு 30 இலட்சம் கடன் எடுத்தவர் 30 இலட்சத்துக்குத்தான் காப்புறுதி செய்திருப்பார். மேலே போட்ட கணக்கை இங்கே போட்டால் பாதிகூட வராது. சில பொலிசிகளில் தீ மட்டும் இருக்கும், புயல் இருக்காது. இழப்பீடு வந்தாலும் அதில் முதல் உரிமை வங்கிக்கு. கூரை திருத்த விடுவார்களா, கடனில் கழிப்பார்களா என்பது வங்கியோடு பேசித் தீர்க்க வேண்டியது. கடன் முடிந்த மாதத்தோடு பொலிசியும் முடிந்துவிடும், யாரும் ஞாபகப்படுத்தவும் மாட்டார்கள். இருபது வருடம் கட்டி முடித்துக் கூரையும் பழசாகிப்போன வேளையில் வீட்டுக்குப் பாதுகாப்பே இல்லை என்று ஆகிறது.

அதற்காக இதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. இரண்டாவது பொலிசி ஒன்றை வேறு கம்பனியில் எடுப்பதை விட, இருக்கும் பொலிசியைப் பெரிதாக்குவது மலிவாக முடியலாம். வங்கிக்குப் போய்ப் பொலிசியின் பிரதியைக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. தொகையைத் திரும்பக் கட்டும் செலவுக்கு உயர்த்தவும் புயலையும் வெள்ளத்தையும் சேர்க்கவும் எவ்வளவு கூடும் என்று கம்பனியிடம் எழுத்தில் வாங்குங்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு பொலிசி இருந்தால் இரண்டு மடங்கு காசு வராது. இரு கம்பனிகளும் சேதத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும்.

## 3. சொந்தச் சேமிப்பு, கூரையிலேயே செலவழிப்பது

"வருடா வருடம் கட்டி ஒன்றும் கிடைக்கவில்லை" என்ற மனக்குறை உள்ளவர்களுக்கு இந்த வழி பிடிக்கும். ஒழுகல், ஓடு மாற்றல், சிலாகை மாற்றல், குரங்கு வேலை என்று காப்புறுதி தொடாத செலவெல்லாம் இதில் இருந்துதான் போக வேண்டும். காசு உடனே கையில் இருக்கும், யாருக்கும் கடிதம் எழுதத் தேவையில்லை.

கணக்கு எங்கே பிழைக்கிறது என்றால் பெரிய சேதத்தில். ஆண்டுக்கு 15,000 ரூபா மிச்சம் பிடித்தால் பத்து வருடத்தில் ஒன்றரை இலட்சம். புயல் பத்தாவது வருடம் வரை காத்திருக்காது. சீட்டுப் பிடிப்பவர்கள் நவம்பர், டிசம்பரில் தங்கள் முறை வரும்படி பார்த்துக்கொள்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் ஊருக்கே புயல் அடித்தால் சீட்டில் உள்ள எல்லாருக்கும் ஒரே நேரத்தில் காசு தேவைப்படும். நகை அடகு வைப்பது கெதியான வழி. வட்டியை மறந்துவிடக் கூடாது.

சேமிக்கும் காசைப் பெட்டியில் வைத்திருப்பதை விடக் கூரையில் போடுவது பலன் தரும் என்பது என் நிலைப்பாடு. காற்று முதலில் பிடிப்பது முகட்டையும் ஓரங்களையும் மூலைகளையும்தான். நடுக்கூரை கடைசியாகத்தான் போகும். ஆகவே முழுக்கூரையையும் மாற்றக் காசில்லாதவர் ஓரத்தில் இருந்து தொடங்கலாம். ஓட்டுக் கூரை என்றால் ஓரத்து வரிசைகளையும் முகட்டுக்குப் பக்கத்து வரிசைகளையும் சிலாகையோடு கம்பியால் கட்டுவது, முகட்டோட்டுச் சாந்தைப் புதிதாகப் பூசுவது. சீற் என்றால் துருவேறிய கொக்கி ஆணிகளை வொஷரோடு மாற்றுவது. கடலோரத்தில் சாதாரண ஆணி போடவே வேண்டாம், நாகம் (சிங்க்) பூசியதைக் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும் விட முக்கியமானது, கைமரத்தைச் சுவரின் மேல் உள்ள கொங்கிறீற் வளையத்தோடு இரும்புப் பட்டியால் பிணைப்பது. அது இல்லாவிட்டால் ஓடு தாக்குப்பிடித்தாலும் கூரை ஒரே துண்டாகக் கிளம்பும்.

வளவுத் தென்னையில் காய்ந்த மட்டையையும் குலையையும் மாரிக்கு முன் இறக்குவதும் கூரைச் செலவுதான். சாய்ந்து நிற்பது பக்கத்து வளவு மரம் என்றால் வாயால் சொல்லிச் சண்டை பிடிப்பதை விட, கிராம சேவகருக்கும் உள்ளூராட்சி சபைக்கும் எழுதிக் கொடுத்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழி கொங்கிறீற் கூரை போட்டவர்களுக்கு நன்றாகப் பொருந்தும். அவர்களுக்குக் காற்றால் பெரிய பயமில்லை, ஒழுகலும் கம்பி துருப்பிடித்துச் சாந்து உதிர்வதும்தான் தொல்லை, இரண்டுக்கும் காப்புறுதியில் இடமில்லை. கூரை ஏற்கெனவே பழுதாகிப்போனவர்களும் இங்கேதான் தொடங்க வேண்டும். உக்கிய கூரைக்குப் பொலிசி எடுப்பது காசைக் கரைப்பது. 2012க்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா மானியத்தில் கட்டிய ஓட்டு வீடுகளில் மரம் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு தடவை ஏறிப் பார்க்கும் காலம் வந்துவிட்டது.

## 4. அரசாங்க நிவாரணம்

இதற்கு ஒரு சதம் கட்டத் தேவையில்லை. சேதம் நடந்தால் கிராம சேவகரிடம் பதிவு, அங்கிருந்து பிரதேச செயலகம், மதிப்பீடு, பிறகு கொடுப்பனவு என்று போகும். 2016 இல் தேசியக் காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாக அரசாங்கம் தொடங்கிய இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு உச்சத்தொகை 25 இலட்சம் ரூபா என்று வைக்கப்பட்டது. உச்சத்தொகை என்பதைக் கவனியுங்கள். அது முழுதாக அழிந்த வீட்டைப் பார்த்து வைத்த எண். பத்து ஓடு போன வீட்டுக்கு மதிப்பீட்டின்படி சிறு தொகைதான்.

பெரிய அனர்த்தத்தில் மாவட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கும். யாருக்கு எவ்வளவு என்பதை அவ்வப்போது வரும் சுற்றறிக்கை தீர்மானிக்கும். உங்கள் வளவில் மட்டும் ஒரு மரம் விழுந்து கூரை போனால் அதை அனர்த்தமாக எடுப்பார்களா என்பது அலுவலரைப் பொறுத்தது. மழைக்கு முன் கையில் வரும் காசு என்று இதைக் கணக்கில் எடுக்க முடியாது. ஆனாலும் பதிவு செய்யாமல் விடவும் கூடாது, காப்புறுதி இருந்தாலும். கிராம சேவகரின் சேதப் பதிவு கம்பனிக்குக் காட்டவும் உதவும்.

படுவான்கரையில் வெல்லாவெளிப் பக்கம், அம்பாறையின் வயலோரக் கிராமங்களில் கூரையை இழுத்து விழுத்துவது யானை. நெல் வைத்திருக்கும் வீட்டைத் தேடி வரும். யானைச் சேதத்துக்கு வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் நஷ்டஈடு தருகிறது. விண்ணப்பம் அங்கே தனியாகப் போக வேண்டும். விலங்கு மோதுதல் எழுதப்பட்ட வீட்டுப் பொலிசி இருந்தால் அதையும் கேட்டுப் பார்க்கலாம்.

## ஒரு பார்வையில்

| | முழு வீட்டுக் காப்புறுதி | வங்கிப் பொலிசி | சொந்தச் சேமிப்பு | அரசாங்க நிவாரணம் |
|---|---|---|---|---|
| எந்தச் சேதம் | எழுதப்பட்ட சம்பவங்கள் | தீ நிச்சயம். புயல் பார்க்க வேண்டும் | எதுவும், ஒழுகல் உட்பட | இயற்கை அனர்த்தம் |
| கைக்கு வருவது | சரியான தொகைக்கு எடுத்தால் பெரும்பகுதி | கடன் தொகை அளவுக்கு எடுத்தால் குறைவு | சேர்த்த அளவு | மதிப்பீட்டின்படி |
| வேகம் | மதிப்பீடு முடிய வேண்டும் | அதோடு வங்கியின் சம்மதமும் | உடனே | மெதுவாக |
| காசு யாருக்கு | பொலிசிதாரருக்கு | முதலில் வங்கிக்கு | உங்களிடமே | பதிவான குடும்பத்துக்கு |
| மறைந்த செலவு | எக்ஸஸ், வயதுக் கழிவு, வரி | குறைத்த தொகை, கடனோடு முடிவது | பெரிய புயலில் போதாமை | அலைச்சல் |

## பெயர் யாருடையது

இப்போது அந்தச் சீதன வீட்டுக் கதை. எங்கள் வழக்கத்தில் வீடு மகளுக்குப் போகிறது. உறுதி மகள் பெயரில் இருக்கும், அல்லது தாய் தகப்பன் தங்களுக்குச் சீவிய உரித்தை (உயிரோடு இருக்கும் வரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு மகளுக்கு எழுதியிருப்பார்கள், அல்லது "பிறகு எழுதலாம்" என்று தாயின் பெயரிலேயே கிடக்கும். மருமகன் வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பி மேல்மாடி கட்டுவார், பொலிசியைத் தன் பெயரில் எடுப்பார். சேதம் நடந்ததும் கம்பனி உறுதியைக் கேட்கும். வீட்டில் உங்களுக்கு என்ன உரித்து என்று கேட்கும். அந்த நேரத்தில் குடும்பக் கதையை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. உறுதியில் யார் பெயர் இருக்கிறதோ அவர் பெயரில், அல்லது அவரையும் சேர்த்து இருவர் பெயரில் பொலிசி எடுங்கள். விண்ணப்பத்திலேயே யார் உரிமையாளர், யார் குடியிருப்பவர், யார் கட்டியது என்று உள்ளபடி எழுதுங்கள்.

உறுதி இல்லாமல் அரசாங்க உத்தரவுப் பத்திரத்தில் இருக்கும் காணி என்றால், அந்தப் பத்திரத்தின் பிரதியைக் காட்டி, வீட்டைக் காப்புறுதி செய்வீர்களா என்று முன்கூட்டியே கம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள். வாடகைக்கு இருப்பவர் கூரையைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, அது வீட்டுக்காரர் பாடு. தன் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம். கூரையில் சோலார் பூட்டியவர்கள் அதைக் கம்பனிக்குச் சொல்லித் தொகையைக் கூட்ட வேண்டும். பூட்டத் துளைத்த ஓட்டையால் ஒழுகினால், பூட்டியவரைத்தான் பிடிக்க வேண்டும்.

## நான் எப்படித் தெரிவு செய்வேன்

ஓடோ சீற்றோ போட்ட வீடு, கடனில்லை, கூரை பத்து வருடத்துக்குள் என்றால் முழு வீட்டுக் காப்புறுதி, திரும்பக் கட்டும் செலவுக்குச் சரியாக. கடன் இருந்தால் வங்கிப் பொலிசியைப் பெரிதாக்குவேன். கூரை இருபது வருடம் தாண்டியிருந்தால் முதல் வருடக் காசை மரத்திலும் ஆணியிலும் போட்டு, ரசீதையும் படங்களையும் வைத்துக்கொண்டு அடுத்த வருடம் பொலிசி எடுப்பேன். அந்த ரசீதுகள் பிறகு "இது பழைய உக்கல்" என்று சொல்லும் மதிப்பீட்டாளருக்குப் பதில் சொல்லும். எந்த வழியில் போனாலும் எக்ஸஸ் அளவுக்காவது ஒரு தொகை கையில் தனியாக இருக்க வேண்டும். சின்னச் சேதத்துக்குக் கம்பனியிடம் போவதில் அர்த்தமில்லை; எக்ஸஸையும் அலைச்சலையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது அதிகமிருக்காது.

சேதம் நடந்துவிட்டால் முதலில் கம்பனிக்கு அறிவியுங்கள், அன்றே. பிறகு படம் எடுங்கள்: முழுக்கூரை, முறிந்த இடம், உள்ளே நனைந்த இடம், பக்கத்து வீடுகள். மதிப்பீட்டாளர் வரும் வரை வீட்டை நனைய விட வேண்டியதில்லை. தறப்பாள் போட்டு மூடுவது உங்கள் கடமை, அந்தச் செலவின் ரசீதைக் கொடுக்கலாம். உடைந்த ஓட்டையும் மரத்தையும் எறிந்துவிடாமல் ஒரு மூலையில் குவித்து வையுங்கள். ஓடாவியாரிடம் செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்கும்போது புயல் உடைத்ததையும் பழைய வேலையையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். இரண்டையும் கலந்து பெரிய தொகையாகக் கொடுத்தால் நியாயமான பகுதிக்கும் சந்தேகம் வந்துவிடும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கம்பனியோடு முடியாவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமோ இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ போகலாம். ஆபத்து நேரத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117.

காலத்தைப் பற்றியும் ஒன்று. தாழமுக்கச் செய்தி வானொலியில் வந்த பிறகு பொலிசி எடுக்க ஓடினால் கம்பனிகள் எழுதத் தயங்கும். ஓகஸ்ட்டில் கூரையில் ஏறிப் பார்த்து, செப்டெம்பருக்குள் வேலையையும் பொலிசியையும் முடித்துவிட வேண்டும். ஒக்டோபர் வந்தால் பெரும்போக விதைப்புக்கு ஆட்கள் வயலுக்குப் போய்விடுவார்கள்; ஓடாவியாரைப் பிடிக்க நீங்கள்தான் அவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.